கோள் சொன்ன சக்கரம்

என் வண்டி இனிமேல் என் மனைவியிடம் கோள் சொல்லக் கூடாது. இப்படி ஒரு முடிவை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினேன். என் பெயர் வெற்றி. பெயரோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து அது எழில்மொழி பக்கமேதான் இருக்கிறது.

என்னுடையது நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். எண்ணூர்க் கரையில் மணலில் இறங்கி, ஃபைபர் படகுகளைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போடுவேன். பிறகு மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடுவேன். எழில் அங்கே ஏலத்தில் மீன் எடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள்.

எனக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் ஒரு தடவைதான் சொன்னார். எழில் தினமும் சொல்கிறாள். எங்கள் வீட்டுக் குழம்பில் மீன் இருக்கும், புளி இருக்கும், உப்பு மட்டும் வெளியூர் போயிருக்கும். அதனால் தெருமுனையில் ராமசெல்வியின் மீன் வறுவல் தள்ளுவண்டியைக் கண்டால் என் வண்டி தானாக நின்றுவிடும். அவளும் மரியாதை தெரிந்தவள். எனக்கென்று தனியாக ஒரு டப்பாவிலிருந்து வஞ்சிரத் துண்டுகளை எடுத்துத் தவாவில் போடுவாள். சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்து, ஏலக்காயும் மென்றுகொண்டுதான் வீட்டுக்குப் போவேன். எழில் தட்டை வைத்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"இன்னா, இன்னிக்கி ரெண்டு துண்டா, மூணா?"

எப்படித் தெரிகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். ராமசெல்வி மேலேயே சந்தேகம் வந்தது. சமீப காலமாக அவள் கைப்பக்குவமும் சரியில்லை. வறுவலில் உப்பே இல்லை. கேட்டால் விலைவாசி என்றாள். உப்புக்கு என்ன விலைவாசி என்று எனக்குப் புரியவில்லை.

விஷயத்தை உடைத்தவர் பக்கத்து வீட்டு கௌசர் அக்கா. துணி காயப் போட்டுக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார்.

"உன் வண்டி முன்சக்கரம் ஊ ஊன்னு கத்திகினே வருது தம்பி. ரெண்டு தெரு தள்ளியே கேக்குது. ராமசெல்வி கடையாண்ட சத்தம் நின்னுடுது. அப்பால கொஞ்ச நேரம் கழிச்சி திருப்பியும் கத்துது. நடுவுல நீ இன்னா பண்றேன்னு எழிலுக்குத் தெரியாதா?"

அது பேரிங் சத்தம். மணலில் ஓடிக் கொதிக்கிற சக்கரத்தை ஆற விடாமல் அப்படியே அலையில் இறக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். படகு வந்தால் யார் காத்திருப்பது? சக்கரத்தின் நடுவிலிருக்கிற சூடான ஹப் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், கிரீஸ் மோராகிவிடும், பேரிங் பாட ஆரம்பிக்கும். எனக்கு மறுக்கப்பட்ட உப்பெல்லாம் என் சக்கரத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

எழில் இதை மாற்றச் சொல்லி ரொம்ப நாளாக நச்சரித்தாள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிற வண்டி, சக்கரம் கழன்றால் என்ன கதி என்று அழுதுகூடப் பார்த்தாள். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பதே என் பதில். கொஞ்ச நாளாக அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஒரு விஷயத்திலாவது ஜெயித்தோம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே தண்டையார்பேட்டை கமால் பாய் பட்டறைக்குப் போனேன். சும்மா மாற்றினால் போதாது, சத்தமே வரக் கூடாது, தண்ணீரும் புகக் கூடாது, இருப்பதிலேயே கெட்டியானதைப் போடுங்கள் என்றேன். சாமான் வர ஒரு வாரமாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். கமால் பாய் திரும்பி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். பெரிய பேரிங், இரட்டை சீல், கையால் திருகி லாக் பண்ணுகிற புது ஹப். என் வண்டிக்கே அளவெடுத்த மாதிரி எல்லாம் இருந்தது. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. கழற்றிய பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். சூட்டில் நீலம் பாரித்து, குழி குழியாக இருந்தது.

"இன்னும் நாலு நட போயிருந்தீன்னா மாமு, உன் சக்கரம் உனுக்கு முன்னாடி வூட்டுக்குப் போயிருக்கும்."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலக் கூச்சலுக்கு நடுவே எழில் போனை எடுத்துக் காதில் வைப்பது போல ஒரு காட்சி கண்ணில் வந்தது. நிஜமாகவே பயந்துபோனேன். தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

வேலை முடிந்து கிளம்பியபோது வண்டி மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. ராமசெல்வி கடையில் நிறுத்தி, வெற்றிவிழாவாக மூன்று துண்டு சாப்பிட்டேன். உப்பு பற்றி இன்றைக்கும் புகார் சொன்னேன். சத்தமில்லாமல் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன்.

எழில் வெளியே வந்தாள். துண்டுக் கணக்கு கேட்கவில்லை. நேராக முன்சக்கரத்திடம் போனாள். மணலில் இறங்கும்போது இந்தக் குமிழை லாக்கில் திருக வேண்டும், தார் ரோட்டில் விட்டுவிட வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, கமால் பாய் மாதிரியே பலம்கொண்ட மட்டும் ஆட்டினாள்.

"ஆடல," என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

நான் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"கமால் பாயாண்ட எப்பவோ சொல்லி வாங்கி வெச்சிட்டேன்யா. உசுருக்காக மாத்துன்னு எவ்ளோ கெஞ்சினேன், நீ மாத்தல. வறுவலுக்காகன்னா நீ மாத்துவேன்னு தோணுச்சி. அதான் கௌசரக்காவ வுட்டு சொல்லச் சொன்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இந்த உலகத்தில் என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிற ஆள் வேறு யாரும் கிடையாது. கிரீஸ் அப்பிய அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் சூடு ஆறாமல் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று சத்தியமே பண்ணினேன்.

ஆனாலும் ஆம்பளை ஜென்மம் இல்லையா, ஒரு சின்ன வெற்றியாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது.

"சர்தான் எழிலு, இனிமே வண்டி கத்தாது. நான் கடையாண்ட நின்னனா இல்லியான்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சத்தத்த வெச்சா கண்டுபுடிச்சேன்னு நெனச்சிகினு கீற? ராமசெல்விக்கு மீனு குடுக்கறதே நான். உனுக்குன்னு உப்பில்லாம மசாலா தடவி, தெனமும் தனியா டப்பால போட்டு அனுப்பறதும் நான்தான். டப்பா காலியா திரும்பி வந்தா நீ நின்னேன்னு தெரியாதா? இன்னிக்கி டப்பாவ எடுத்துகினு வந்தியா, இல்லியா?"