முகூர்த்தப் புடவையைக் கிழித்த கிருமி

புரியாத பாடத்தை மனப்பாடம் செய்யலாம், பிட் அடிக்கலாம். நடித்துக் காட்டக் கூடாது. திருச்சியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்தபோது நான் அதைத்தான் செய்தேன்.

பாடம், லிஸ்டீரியா என்ற கிருமி. நம் செல் உருவம் குலையாமலிருக்க ஆக்டின் என்ற இழைகளால் உள்ளே ஒரு சட்டம் கட்டி வைத்திருக்கிறது. இந்தக் கிருமி செல்லுக்குள் புகுந்து அதே இழைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் வளரவைத்து, அவை தள்ளத் தள்ள சொகுசாகப் பக்கத்து செல்லுக்குப் போகும். (சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாம் பஸ் ஏறுவதும் இப்படித்தான்.) இவ்வளவு புரிந்ததே பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன்.

துறைக் கண்காட்சியில் நான்தான் கிருமி. வகுப்புத் தோழிகள் பத்துப் பேர் ஆக்டின். செல்லின் சவ்வுக்கு ஒரு திரை வேண்டுமே? ஸ்ரீரங்கம் வீட்டு பீரோவிலிருந்து அம்மாவின் அரக்கு நிற முகூர்த்தப் புடவையை, அவளிடம் சொல்லாமல், எடுத்து வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். சாயங்காலத்துக்குள் மடித்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நடுவராக வந்த வெளியூர்ப் பேராசிரியர், "ஆரம்பிங்கம்மா" என்றார்.

"எல்லாரும் வந்து ஒட்டிக்கிட்டுத் தள்ளுங்கடி!" என்றேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. முன்னால் ஐந்து பேர், பின்னால் ஐந்து பேர் தள்ளினார்கள். கிருமி நகரவில்லை, நசுங்கியது.

"எந்தப் பக்கம்டி போகணும் நீ?" என்று என் மூக்கருகே கத்தினாள் ஸ்டெல்லா.

"தெரியலடி! எல்லாரும் பின்னாடி போங்க!"

போனார்கள். பத்துப் பேரும் சேர்ந்து ஒரே தள்ளு. சர்ரென்று ஒரு சத்தம். நான் திரைக்கு அந்தப் பக்கம், நடுவரின் காலடியில் கிடந்தேன். கையில் ஜரிகை.

"பாத்தீங்களா சார், அடுத்த செல்லுக்குப் போயிட்டேன்." (எனக்கு மீசை இல்லாவிட்டால் என்ன, அதில் மண் ஒட்டக் கூடாது.)

அவர் என்னையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். "லிஸ்டீரியா எதையும் கிழிக்காதும்மா. சவ்வை நீட்டிக்கிட்டே போய்த்தான் பக்கத்து செல்லுக்குள்ள நுழையும். நீங்க ஏம்மா கிழிச்சீங்க?"

எனக்கு அழுகை முட்டியது. மதிப்பெண் போனதற்காக அல்ல.

வீட்டில் புடவையை அம்மாவின் மடியில் வைத்து, ஆக்டின் முதல் நடுவர் சொன்னதுவரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விஞ்ஞானம் சொன்னால் கோபம் குறையும் என்று ஏனோ தோன்றியது. அம்மா கிழிசலை நீவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அந்தக் கிருமிக்கே கிழிக்காம போகத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து நான் தம்ளரைக் கீழே போட்டாலும் அதே வசனம்தான். எட்டு வருடம் கழித்து முனைவர் பட்டம் வாங்கியபோது அப்பா உறவினர்களிடம் பெருமையாக, "ஒருவழியா கிருமி அளவுக்கு வந்துட்டா" என்றார்.

கிழிசலைத் தைத்து அதே புடவையைக் கட்டி வந்திருந்த அம்மா, "அவசரப்படாதீங்க" என்றாள்.