சிவப்பு டிராக்டரும் நீல டிராக்டரும் என் கொண்டையும்

நான் அறிவியல் டீச்சர். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. மறைத்து வைத்தால், கதை முடிகிற இடத்தில் என் அண்ணன் எங்கிருந்தாவது வந்து சொல்லிவிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம். அப்பா காலமாகி, சித்தையன்கோட்டைப் பக்கம் அவர் வைத்திருந்த இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் என் பங்குக்கு வந்திருந்தது. நானும் என் கணவர் சேவியரும் திண்டுக்கல்லில் குடியிருந்தோம். எனக்குப் பள்ளிக்கூடம், அவருக்குத் தபால் நிலையம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார் அண்ணன் அருள். டீச்சர் வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். பாடுதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் இன்னொருவர் நின்று அதிகாரம் பண்ணுவதைப் பார்க்க எனக்கு மனசு இல்லை. ஒரு வருடம் நானே பார்க்கிறேன், முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடி விட்டுவிடலாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

"சரி, பாப்போம்" என்றார் அண்ணன். அந்த 'பாப்போம்' என் காதிலேயே கிடந்தது.

கிளைகளை வெட்டிக் கழிக்கிற கவாத்து முடிந்ததும் கொடிகளுக்கு நடுவே உழ வேண்டும். மாடு கட்டி உழ ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கொடி படர்கிற கம்பிப் பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையாது. அப்போதுதான் எங்கள் பக்கம் சின்ன டிராக்டர்கள் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. இரண்டு கம்பெனி வண்டிகள் பேச்சில் அடிபட்டன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். (பேர் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் ரெண்டு கட்சிக்காரர்களும் வீடு தேடி வருவார்கள்.)

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம் என்று எழுத ஆரம்பித்தேன். குதிரைத் திறன், டீசல், டயர் அகலம், உதிரி பாகம் எங்கே கிடைக்கும், மழையில் சேறு அப்பினால் என்ன ஆகும் என்று போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் கருத்தைக்கூட விடவில்லை. ஆசிரியர் அறை இரண்டாகப் பிளந்தது. தமிழ் ஐயா சிவப்பு, பி.டி. சார் நீலம். இருவருக்கும் சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு நான் நோட்டை வாசிப்பேன். சேவியர் "ம்" கொட்டுவார். எதிர்க் கருத்து சொல்லாத மனிதர் என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டேன். அவர் பாதி நேரம் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நோட்டு நிரம்பியும் முடிவு வரவில்லை. சோதனை செய்து பார்ப்பதே அறிவியல் என்று இரண்டு கடைக்காரர்களையும் தோட்டத்துக்கே டெமோ கொண்டுவரச் சொன்னேன். கவாத்து முடிந்து பந்தல் வெறும் கம்பியும் குச்சியுமாக இருந்த சமயம். முதல் நாள் சிவப்பு வந்தது. ஓட்டி வந்த ஆள் பந்தலுக்குள் நுழைந்ததும் கம்பி அவர் நெற்றியில் பட்டது. வண்டியை நிறுத்தி இறங்கி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் நீலம் வந்தது. ஓட்டியவர் தலைக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஜம்மென்று போய் வந்தார். நான் நோட்டை மூடினேன். 'சிவப்பு: உயரம் அதிகம். நீலம்: பந்தலுக்கு ஏற்றது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். பரிசோதனை, உற்றுநோக்கல், முடிவு.

நீலம் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை சனிக்கிழமையாகத் திறந்த பொட்டலில் ஓட்டப் பழகினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிற டீச்சரைப் பார்க்க ரோட்டில் பஸ் மெதுவாகப் போகும். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரை அழைத்து வந்து வண்டியை மந்திரித்தோம். அண்ணன், அண்ணி, சித்தப்பா வீட்டார் என்று மொத்தக் குடும்பமும் ஆஜர். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் நெட்டை. நான் ஐந்தடி எட்டு அங்குலம், அண்ணன் ஆறடி. சேவியர் மட்டும் என் காது உயரம். எங்கள் கல்யாண போட்டோவில் அவரைப் பீடத்துப் படியில் ஒரு படி மேலே நிறுத்தித்தான் எடுத்தார்கள். அப்போது சித்தப்பா அடித்த கிண்டலுக்குச் சேவியரும் சிரித்தார். ஆனால் வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாமியார் வண்டி மேல் தீர்த்தம் தெளித்தார். எனக்கு மல்லிகைப்பூ வைத்து அண்ணி பெரிய கொண்டை போட்டுவிட்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து, அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்தலுக்குள் வண்டியை விட்டேன்.

முதல் கம்பி கொண்டையை உரசியது. இதென்ன என்று கொஞ்சம் குனிந்தேன். அடுத்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்னால் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. மூன்றாவது கம்பி கொண்டை ஊசியில் மாட்டியது. வண்டி முன்னால் போனது, தலை பின்னால் நின்றது. இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்தேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வண்டி நிதானமாகத் திரும்பி, அப்பா நட்ட கல்தூணில் முட்டி, அணைந்து நின்றது. தூண் சாய்ந்தது. கம்பிகள் தொய்ந்து, புதுத் துளிர்களோடு ஒரு வரிசைப் பந்தல் என் மடியில் வந்து இறங்கியது.

கவாத்துக் கத்தரியோடு அண்ணி ஓடி வந்தார். கொடியை வெட்டினால் வெள்ளாமை போகும், முடியை வெட்டினால் வளரும் என்று அந்த நிலையிலும் நான்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கும் கவாத்து நடந்தது.

தொய்ந்த கம்பிகளைப் பழைய உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, என்னை இறக்கியாயிற்று. வண்டியை வெளியே எடுக்க வேண்டுமே. முந்தின நாள் தண்ணீர் பாய்ந்த மண்ணில் சக்கரம் பதிந்திருந்தது, தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. அண்ணன் ஏறி உட்கார்ந்தார். டங்கென்று ஒரு சத்தம், நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சித்தப்பா மகன் முயன்றான், அவனுக்கும் அதே பூசை. எங்கள் வம்சத்தில் அந்த இருக்கையில் உட்காரத் தகுதியானவர் ஒருவரும் இல்லை.

"ஏம்மா, இதுக்குத்தான் அம்புட்டுப் பெரிய நோட்டா?" என்றார் அண்ணன். "குத்தகைக்காரர நாளைக்கு வரச்சொல்லட்டா?"

தோட்டம் கையை விட்டுப் போகிறது என்பது அந்த நிமிடம் நிச்சயமாகத் தெரிந்தது. அழுதுவிடக் கூடாதே என்று மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சேவியர் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார். "ஸ்டெல்லா, டெமோக்கு ரெண்டு வண்டி வந்துச்சுல்ல. ரெண்டையும் ஓட்டுனது ஒரே ஆளா?"

இல்லை. சிவப்பை ஓட்டியவர் பனைமரம். நீலத்தை ஓட்டியவர் சேவியர் உயரம்கூட இருக்கமாட்டார். ஒரு சோதனையில் ஒரே சமயத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்று எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் தொண்டை கிழிய நடத்துகிறவள் நான். டிராக்டரை அளப்பதாக நினைத்து டிரைவர்களை அளந்திருக்கிறேன். (வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், முதல் பக்கத்தில் நானே ஒட்டிவைத்த இரண்டு கம்பெனித் தாள்களிலும் இருக்கையின் உயரம் ஒன்றேதான். ஒரு விரல் வித்தியாசம் இல்லை.)

"நான் உக்காந்து பாக்கவா?" என்றார் சேவியர்.

மொபெட்டைத் தவிர எதையும் ஓட்டியறியாதவர். ஏறி உட்கார்ந்தார். தலைக்கு மேல் நாலு விரல் இடைவெளி, அளவெடுத்துத் தைத்த மாதிரி. நான் பக்கத்தில் குனிந்தபடியே நின்று கிளட்ச், கியர், மெதுவா, மெதுவா என்று சொல்லச் சொல்ல, வண்டி இரண்டு தடவை திமிறிவிட்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து வெயிலில் நின்றது. சாமியார்தான் முதலில் கை தட்டினார்.

அண்ணன் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே வந்து சேவியர் தோளில் கை போட்டார். "மாப்ள, அந்த இடத்துக்கு எங்க வீட்டுல ஒரு ஆளும் லாயக்கில்ல. நீங்களே ஓட்டுங்க."

குத்தகைப் பேச்சு அத்தோடு நின்றது. சாய்ந்த தூணை நிமிர்த்தினோம். அந்த வரிசை மட்டும் அந்தப் போகம் காய்க்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சேவியர் சட்டையை மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். அப்புறம் எந்தக் கவாத்திலும் அவர் உழாமல் இருந்ததில்லை. வரவேற்பறையில் அந்தக் கல்யாண போட்டோவைப் பார்த்து இப்போது யாரும் கிண்டலடிப்பதில்லை. அந்தப் படி எதற்கு, இறங்கியே நின்றிருக்கலாமே என்று சித்தப்பாவே ஒருமுறை சொன்னார்.

போன மாதம் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. அண்ணன் விசாரித்துவிட்டு வந்து, குரலில் மிகுந்த வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார். "பையன் தங்கமான பையன். நல்ல படிப்பு, நல்ல குடும்பம். ஆனா ஆறடி இருக்கான், மாப்ள. நம்ம தோட்டத்துக்குச் சரிப்படுமா?"

சேவியர் காப்பியைக் கீழே வைத்தார்.

"பரவால்ல மச்சான், முடிச்சிருங்க" என்றார். "இன்னும் பத்து வருசத்துக்கு நான் ஓட்டுவேன்."