குள்ளருக்கு மந்திரம் வராதாம், மச்சான்

உறுவையாறு
புதன்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் கலைவேந்தன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பவுனம்மாளின் வீட்டுக்காரன் சுப்புராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் சர்க்கரை என்னைவிடச் சுகமாக இருக்கிறது. காரைக்கால் காற்று உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் அடுத்த அறையில் உங்கள் மருமகள் மணிபாரதி இருக்கிறாள், விஷயமும் அவளைப் பற்றியது, அதனால்தான் கடிதம்.

மணிபாரதியும், அவளோடு கம்பெனியில் வேலை பார்க்கும் நெட்டப்பாக்கத்து நவீன்குமாரும் சேர்ந்து ஒரு விளையாட்டு தயாரிக்கிறார்கள். கேரம் மாதிரி இல்லை, செல்போனிலும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று வாயால் சொல்லி, இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்ட வேண்டும். உடைந்ததா இல்லையா என்று கட்டை சொல்லும். அடுத்த மாதம் சென்னையில் ஒரு கண்காட்சியில் வைக்கப் போகிறார்களாம். அதற்குமுன் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் உங்கள் தங்கையையும் எதிர்வீட்டு ஆண்டனியையும் பிடித்து உட்கார வைத்தார்கள். கறிக்குழம்பு சாப்பிட்ட தூக்கத்தில் நானும் சரியென்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த உலகத்தில் வனத்தார், குள்ளர், பூதத்தார் என்று பல இனங்கள். ஆண்டனி வனத்தார், நீளக் காது. உங்கள் தங்கை பூதத்தாள். நான் குள்ளன். அதில் எனக்கு வருத்தமில்லை, மச்சான். என்ன தொழில் வேண்டும் என்று மணிபாரதி கேட்டாள், மந்திரவாதி என்றேன். "குள்ளருக்கு மந்திரம் வராதுப்பா. சுரங்கம் வெட்டலாம், இல்லன்னா கோடாலி புடிக்கலாம்" என்றாள். மந்திரம் வனத்தாருக்கு மட்டும்தானாம். எதிரில் ஆண்டனி ஏற்கனவே காதைத் தடவிக்கொண்டிருந்தார். பவுனம்மாள் வைத்தியம் கேட்டாள். பூதத்தாருக்குக் காவல் வேலை மட்டும்தான் என்றார்கள். "உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப வைத்தியம் பாத்தது யாருடி? காவல்காரியா?" என்று கேட்டாள்.

சரி, போய்த் தொலைகிறது என்று கோடாலியோடு கிளம்பினேன். ஒரு குகைக்குள் போனோம், வாசல் மூடிக்கொண்டது, தண்ணீர் ஏற ஆரம்பித்தது, கதவோ மந்திரத்துக்குத்தான் திறக்குமாம். அந்த நேரம் பார்த்து ஆண்டனியின் மகள் ஸ்டெல்லா வந்து, "அப்பா, வூட்டுக்கு சம்மந்தி வந்துருக்காங்க" என்று கூப்பிட, மனிதர் காதையும் மந்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பூதத்தாளுக்கு இடுப்பு, எனக்குக் கழுத்து. நான் தூக்கிப் பிடித்தால் அவர் விட்டுப்போன மந்திரக்கோல் வேலை செய்யாதா என்று கேட்டேன். நவீன்குமார் ரொம்ப மரியாதையாக, "குள்ளர் கையில அது வெறும் குச்சி அங்கிள். ரூல்ஸ்" என்றான். மூழ்கிவிட்டோம்.

எனக்குச் சுருக்கென்றது. "யாருடா போட்ட ரூல்ஸ்? எங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே எவனோ இப்படித்தான் எழுதி வெச்சான், நீ ஏர்தான் புடிக்கணும், உன் கையில பேனா குடுத்தா அது வெறும் குச்சின்னு" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மணிபாரதி கையில் கட்டையை வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தாள். நவீன்குமார்தான் மெதுவாக, "எல்லாரும் எல்லாமும் ஆகலாம்னா, நாலு பேரும் மந்திரவாதியாத்தான் வருவாங்க அங்கிள். அப்புறம் ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் காது மட்டும்தான் வித்தியாசம்" என்றான். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். மணிபாரதி, "காது மட்டும் இருந்தா இன்னா இப்போ? அந்த ரூலை எடுத்துடலாம் நவீன்" என்றாள். "ஒரு வருஷ வேலை மணி. அதை எடுத்தா விளையாட்டே நிக்காது" என்றான். "நின்னுதுன்னா எங்கப்பா மூழ்கணும்" என்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல், வண்டியில் நெட்டப்பாக்கம் போய்விட்டான்.

அன்றிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னா பிரச்சினை என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, நீ சொன்னது சரிதான்" என்கிறாள். அதைக் கேட்டால் எனக்குத்தான் சோறு இறங்க மறுக்கிறது. உங்கள் தங்கை என்னை, "ஒரு குச்சிக்காக ரெண்டு புள்ளைங்களை மொகம் பாக்காம ஆக்கிட்டியே" என்கிறாள். நீங்கள் சொன்னால் மணிபாரதி கேட்பாள். இந்த ஞாயிறு வந்து, இந்த விளையாட்டு நமக்கு வேண்டாம், கம்பெனி வேலையைப் பார் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இனி அந்த மேசையில் நான் உட்காருவதாக இல்லை, இது உறுதி.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், நினைத்த வேலையில் நினைத்தபடி இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
சுப்புராயன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நவீன்குமார் வந்துவிட்டான். இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். எந்த இனத்துக்கும் எந்தத் தொழிலும் இனி தடையில்லை. ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஒரு தொழில் இருக்குமாம். குள்ளர்களுக்கு உரியதை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே நின்றவன், நடத்துனர் என்றேன். ஒரு விசில் அடித்தால் அரக்கன் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் உள்ளே தள்ளிப் போக வேண்டும். ஆண்டனியையும் கூப்பிட்டு மறுபடி உட்கார்ந்து ஆடிப் பார்த்தோம். அருமையாக வேலை செய்கிறது, மச்சான். அரக்கர் படையையே பின்பக்கமாக இறக்கிவிட்டேன். அதைப் பார்த்த ஆண்டனி, "என் வனத்தானுக்கும் ஒரு விசில் குடுப்பா" என்றார். அதெப்படி, குள்ளருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். மணிபாரதி என்னையே பார்க்கிறாள். பார்க்கட்டும். நீங்கள் புத்தி சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை விளையாட வாருங்கள். பூதத்தாரில் இடம் இருக்கிறது.