சார்டின் தட்டில் ஒரு சம்பல்

தவக்காலத்துக்கு மிளகாய்ச் சம்பலை விட்டவர் சவரிநாதன். சும்மா விடவில்லை. கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு விட்டார். "நாப்பது நாள்தான? கண்ண மூடித் தொறக்கங்காட்டியும் போயிரும்லா!" அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாப்போன வாய் கேட்டால்தானே? "தோத்தா என் தூண்டிலெல்லாம் ஒந்தம்பிக்கு!" என்று மனைவி அகதாவிடம் பந்தயம் வேறு கட்டினார்.

சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டும் மனிதருக்கு ஞாயிறு மத்தியானம் கோலா கங்சார் ஆற்றில் தூண்டில் போடாவிட்டால் உயிரே இல்லை. அகதாவின் தம்பி லயனலோ அன்று முதல் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தூண்டில்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறான்.

பாதி தவக்காலம்கூட ஓடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் கூடும் அன்பியக் கூட்டம் அவர் வீட்டில். மேசைமேல் தட்டு நிறைய சாண்ட்விச். ஓரம் வெட்டி, முக்கோணமாக அடுக்கி, ஈரத்துணி போர்த்திவிட்டு அகதா தம்பியைக் கூட்டிவரப் போயிருந்தாள். உள்ளே மிளகாயே காட்டாத சார்டின் மீன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு தேவலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் மனிதர்.

சவரிநாதன் லோரி சீட்டுக்கடியில் ஒளித்திருந்த, தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் மடித்த நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துவந்தார். சோறோடு தின்றால் கையெல்லாம் மணக்கும். ரொட்டிக்குள் வைத்தால் யார் கண்டது? தட்டிலிருந்து ஒன்றைப் பிரித்தார். சார்டினை வழித்தெறிந்தார். வெண்ணெய்மேல் சம்பல், அதன்மேல் அவிச்ச முட்டை, அதன்மேல் மொறுமொறு நெத்திலி, மேலே இன்னும் கொஞ்சம் சம்பல். மூடி, உள்ளங்கையால் ஒரு அழுத்து. அடடா, சாண்ட்விச்சென்றால் இதுவல்லவா!

வாயைத் திறந்தார். வாசல் கேட்டும் திறந்தது.

சாண்ட்விச் துணிக்கடியில் போனது. பொட்டலம் குப்பைத்தொட்டியின் அடிக்குப் போனது. மணம் போக வேண்டுமே? சாம்பிராணியைக் கொளுத்தினார்.

"என்னாங்க, இப்பவே சாம்பிராணி?" என்று அகதா உள்ளே வந்தாள், பின்னாலேயே லயனல்.

"பக்திதான்!"

"வேர்த்து ஊத்துது?"

"அதுவும் பக்திதான்."

"சரி, போய்க் குளிங்க. ஆளுங்க வந்துருவாங்க."

குளித்துவிட்டு ஓடிவந்தால் வீடு நிறைய ஆள். தட்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பார்த்தார், பார்த்தார், எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பமேலா அக்கா கடித்தாள். அக்கா மென்றாள், சிரித்தாள். பக்கத்துவீட்டுச் செபஸ்தி தாத்தா இருமினார். முடிஞ்சது கதை! இல்லை, தாத்தா எப்போதும் இருமுகிறவர்தான். எல்லாரும் செபமாலை சொல்ல, இவர் 'ஆண்டவரே, என் தூண்டிலு' என்று மட்டும் சொன்னார். இப்படிப் பயந்து சாவதைவிட நாமே தின்று கண்டுபிடித்துவிடலாம் என்று தட்டைப் பிடித்தார்.

"இன்னொன்னாங்க?" என்றாள் அகதா.

"ருசியா இருக்கும்மா."

"இன்னும் ஒன்னு?"

"என்னா கைப்பக்குவம்!"

கண்ணில் தண்ணீர் வரும்வரை தின்றார். சார்டின், சார்டின், எல்லாமே சார்டின். கூட்டம் கலைந்தது, தட்டும் காலி. ஒருத்தர் வாயும் எரியவில்லை. ஆண்டவர் புதுமை செய்துவிட்டார் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் லயனல் தூண்டில்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! யாரக் கேட்டு எடுக்கிற?"

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் பின்னால் வந்த அகதா. "நீங்க குளிக்கப் போனதுமே துணியத் தூக்கிப் பார்த்தேன். ஒன்னு மட்டும் வயித்துப்புள்ளக்காரி மாதிரி உப்பிக்கிட்டு இருந்திச்சு. சாட்சிக்கு இவனத் திங்கச் சொன்னேன்."

"அப்புறம் என்னை ஏன் அத்தனையும் திங்க விட்ட?"

"என் சார்டின் சப்புன்னு ஊரெல்லாம் சொன்னீங்கள்ல? இன்னிக்கு ஊரே பார்த்திச்சு, பாதித் தட்டு நீங்கதான் காலி பண்ணுனீங்க."

லயனல் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் பரிவோடு திரும்பினான்.

"சம்பல் பிரமாதம் மச்சான். அடுத்தவாட்டி ரெண்டு துண்டு வெள்ளரிக்காயும் வச்சிருங்க, எனக்குக் காரம் ஒத்துக்காதுலா."