பிரெஞ்சு வழியாக விளங்கிய என் தமிழ்

தமிழைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, ஒழுங்காக நடந்துகொண்டிருக்க வேண்டிய ஒரு தமிழ் வகுப்புக்கே மூடுவிழா நடத்தப் பார்த்தவன் நான். இதை வெளியே ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. (வீட்டில் எனக்கு முன்பே எல்லோரும் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியலுக்கு வந்து, மேல்படிப்பை முடித்து, உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிரெஞ்சுத் தேர்வில் நல்ல மதிப்பெண். கல்லூரியில் மூன்று வருடமும் தமிழ்ப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு. இதெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவன் தரையில் நடக்கமாட்டான். நானும் நடக்கவில்லை.

நிர்மலா அக்கா என்னைத் தேடி வந்தது அந்தச் சமயத்தில்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் இங்கே வந்தவர். நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளர். அங்கே சமையற்காரர் சான்றிதழுக்குப் படிக்கும் தமிழர்கள் அடுப்படியில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் உணவுச் சுகாதாரம் பற்றிய எழுத்துத் தேர்வில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பாடம் பிரெஞ்சில் நடக்கட்டும், வாரம் இரண்டு மணி நேரம் அதையே தமிழில் விளக்க நிதி தாருங்கள் என்று அக்கா இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டிருக்கிறார். கடைசியில் ஒரு பருவத்துக்கு மட்டும், சோதனை முயற்சியாகக் கிடைத்தது. பருவ முடிவில் நிதி கொடுப்பவர்களின் அதிகாரி ஒருவர் வகுப்பில் வந்து உட்காருவார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் அடுத்த முழு வருடம்.

அக்கா கேட்டு முடிப்பதற்குள் நான் சம்மதித்துவிட்டேன். இரண்டே வாரத்தில் அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். அதில் பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஃப்ரீஸர் 'உறைபேழை' ஆனது. பச்சை இறைச்சியில் இருக்கும் கிருமி கத்தி வழியாக சாலடுக்குப் போவது 'குறுக்குத் தொற்றுப் பெயர்ச்சி'. சமையலறைக்கு, சங்க காலத்திலிருந்து தேடிப் பிடித்து, 'அட்டில்' என்று பெயர் வைத்தேன். (யாழ்ப்பாணத்தார் அதைக் குசினி என்பார்கள். அது போர்த்துக்கீசியச் சொல் என்று அடிக்குறிப்பில் கண்டித்திருந்தேன்.)

அக்கா கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடை ஆக்களுக்கு இது விளங்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார். பழகிவிட்டால் விளங்கிவிடும் என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

வகுப்பு திங்கட்கிழமை காலையில். உணவகங்கள் பல அன்றைக்கு மூடியிருக்கும். பன்னிரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் தவம் அண்ணை. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். நான் பால்சோறு சாப்பிட்ட வயதில் அவர் சாஸ் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பகல் வேலைக்கு வழி இருந்தது, சான்றிதழ் மட்டும்தான் குறை. அது கிடைத்தால் இரண்டு மகள்களோடும் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடலாம் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். உணவக வேலையில் அது அவருக்கு வாய்த்ததே இல்லை.

என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் சொல்வதையெல்லாம் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வாரா வாரம் பத்துச் சொல்லுக்கு டிக்டேஷன் வேறு வைத்தேன். தவம் அண்ணைக்கு எப்போதும் மூன்றைத் தாண்டாது. வீட்டில் கொஞ்சம் பயிற்சி செய்யுங்கள் என்று அந்த மனிதரிடம் நான் புத்தி சொல்லியிருக்கிறேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

பிப்ரவரியில், வெளியே முழங்கால் அளவு பனி கிடந்த ஒரு திங்கட்கிழமை, அதிகாரி வந்தார். பெயர் மதாம் ஜினெத். அறுபதை நெருங்கிய, அதிகம் பேசாத பெண்மணி. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பையிலிருந்து எடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு, பின்வரிசையில் நிர்மலா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அன்றைய பாடம், சமைத்ததை எப்படி ஆறவைப்பது. பேச்சுப்போட்டி மேடை என்றே நினைத்துக்கொண்டேன். "அட்டிலில் ஆக்கிய உணவை அபாய வெப்ப வலயத்தினின்றும் விரைந்து வெளியேற்றுதல் இன்றியமையாதது" என்று தொடங்கி, இருபது நிமிடம் மூச்சுவிடாமல் முழங்கினேன். முடித்ததும் மதாம் ஜினெத் கையை உயர்த்தி, இப்போது கற்றதை மாணவர் ஒருவர் விளக்க முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டார். நான் தவம் அண்ணையைக் கைகாட்டி, என் தமிழில் கேள்வியைப் போட்டேன்.

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, குறை நினையாதையுங்கோ. கேள்வியை ஒருக்கா பிரெஞ்சிலை கேளுங்கோ. பேந்து நான் சொல்லுறன்."

மற்ற பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று மதாம் ஜினெத் என்னைக் கேட்டார். இங்கேதான் நான் என் வாழ்க்கையிலேயே மகா மட்டமான மொழிபெயர்ப்பைச் செய்தேன். பாடம் மிகத் தெளிவாக இருந்ததாக அவர் சொல்கிறார் என்றேன்.

தவம் அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, தன் குசினிப் பிரெஞ்சில், "இல்லை மதாம், நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று ஆரம்பித்தார். அவர் பிரெஞ்சில் வினைச்சொல் எதுவும் காலம் இடம் பார்த்து வளையாது. ஆனாலும் ஒரு வரி தவறாமல் எல்லாம் விளங்கியது. எனக்கும்தான். இந்தத் தம்பி நல்ல பிள்ளை, தமிழும் மிக உயர்ந்த தமிழ், எங்களுக்குத்தான் எட்டவில்லை என்றார். அதனால் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, எதிரே இருக்கிற காப்பிக் கடையில் உட்கார்ந்து, இவருடைய சொற்களைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்கு ஏறுகிறோம் என்றார். ஆதாரத்துக்கு நோட்டையும் நீட்டினார். இடப்பக்கம் முழுக்க என் தமிழ்ச் சொற்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் பொருள், பிரெஞ்சில்.

மதாம் ஜினெத் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். "அப்படியென்றால், பிரெஞ்சு வழியாகத் தமிழ் கற்பிக்க நாங்கள் நிதி கொடுத்திருக்கிறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. பேனாவை மூடினார். நிர்மலா அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மதாம் பையை எடுப்பதைப் பார்த்து, ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, தவம் அண்ணை பலகைக்கு வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி ஒரு பெரிய சட்டி வரைந்தார்.

"இதிலை சூப் இருக்கெண்டு வையுங்கோ. வெளியிலை ஆறியிட்டுது. நடுவிலை இன்னும் இளஞ்சூடு. கிருமியளுக்குக் குடும்பம் நடத்த அதுதான் நல்ல இடம். அப்ப என்ன செய்யவேணும்?"

சின்னச் சின்னத் தட்டில் பிரித்து ஊற்றவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சூடாகவே ஃப்ரிகோவுக்குள் (ஃப்ரிட்ஜை அவர்கள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள்) வைத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும் என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். அதுவரை வாயே திறக்காத செல்வி அக்கா, திரும்பக் கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துப்போகாதா என்றார். அது என் பாடம். சில கிருமிகள் செத்தாலும் அதுகள் விட்டுவைத்த விஷம் போகாது அக்கா என்று, அம்மாவிடம் பேசுவதுபோல் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான்கு மாதத்தில் ஒருவர் புரிந்து தலையாட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

பொருள்களின் பெயர் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதுவும் பிரெஞ்சிலேயே. கத்திக்கும் ஃப்ரிகோவுக்கும் தமிழ் யாரும் கேட்கவில்லை. அது ஏன், இது எதனால் என்று வாய்விட்டுக் கேட்கத்தான் தமிழ் வேண்டியிருந்தது. நான் அதை மட்டும் கொடுக்காமல் மற்றதையெல்லாம் கொடுத்திருந்தேன்.

ஐந்து நிமிடத்துக்கு என்று உட்கார்ந்த மதாம் ஜினெத் முக்கால் மணி நேரம் இருந்தார். கடைசியில் பழைய தேர்வுத்தாளிலிருந்து ஒரு கேள்வியைப் பிரெஞ்சில் வாசித்து, செல்வி அக்காவைப் பார்த்தார். அக்கா பிரெஞ்சிலேயே சரியாகச் சொன்னார். வாசலில் பூட்ஸ் மாட்டும்போது மதாம் என்னிடம், "எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் நீங்கள் பேசியபோது எழுதினார்கள். அவர் பேசியபோது கேள்வி கேட்டார்கள்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் நான் நிர்மலா அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தேன். பிறகு அவரே கூப்பிட்டு, வந்த கடிதத்தை வாசித்துக் காட்டினார். அடுத்த முழு வருடத்துக்கும் நிதி உண்டு. வகுப்பை நடத்துபவர் தவம் அண்ணை; நான் அவருக்கு அறிவியல் உதவி. கையேட்டை அச்சிடத் தேவையில்லை. கடைசி வரியை அக்கா இரண்டு முறை வாசித்தார்.

அந்த வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை எந்தக் கல்லூரியும் தரவில்லை. முதல் வகுப்பின் பன்னிரண்டு பேரில், தவம் அண்ணை உட்பட, பத்துப் பேர் தேறினார்கள். மற்ற இருவரும் அடுத்த தடவையில். தவம் அண்ணை மருத்துவமனை வேலையில் சேர்ந்த வாரம் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, மகள்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாண்ட்ரியலை ஒட்டிய புரோசார்டில் நடந்த என் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, இந்தக் கதை முழுவதையும் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு விளக்கியவரும் அவர்தான். மாமனாருக்கு யாழ்ப்பாணத் தமிழ் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதிக்கே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. போன மாதம், பனிக்காலத்தில் ரோட்டில் ஏன் உப்புப் போடுகிறார்கள் என்று கேட்டாள். நான் உறைநிலைத் தாழ்வு பற்றி ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டவள், அம்மாவின் போனை எடுத்துத் தவம் பெரியப்பாவைக் கூப்பிட்டு, அப்பா தமிழ்ல ஏதோ சொல்றார், என்னன்னு சொல்லுங்க என்றாள். ஸ்பீக்கரில் அவர், "உப்பு விழுந்தா ஐஸுக்கு இறுகிப் பிடிக்க ஏலாது பிள்ளை, அவ்வளவுதான்" என்றார்.

பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். நன்றாக விளங்கியது.