வட்டம் போட்ட கவிதைகள்

“என் கவிதைக்குப் பக்கத்துல வட்டம் போட்டிருக்குதுங்களே சார், அது எதுக்குங்க?”

பச்சியப்பன் புத்தகத்தை விரித்துக் காட்டியதும் கலைவாணனுக்கு வியர்த்துக் கொட்டியது. பாலக்கோட்டுக் கவிதை மன்றத்தின் முதல் தொகுப்பு வெளியாகிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொகுத்தவர் தமிழாசிரியர் கலைவாணன்தான்.

வம்பு ஜப்பானிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அங்கே அரச ஆணைப்படி ஐந்தடிக் கவிதைகளைத் தொகுத்தவர்கள் நல்லதை மட்டும் பொறுக்கவில்லை என்று எங்கோ படித்திருந்தார். பருவ வாரியாக அடுக்கி, சிறந்தவற்றுக்கு நடுவே சாதாரணமானவற்றையும் வேண்டுமென்றே வைப்பார்களாம். சேலையின் உடல் வெறுமையாக இருந்தால்தானே பூ எடுப்பாகத் தெரியும்? தொகுப்பவர் தன் கவிதையையும் சேர்த்துக்கொள்வார் என்று படித்ததும் அவருக்கு ஜப்பான் மீது தனி மரியாதையே வந்துவிட்டது.

அதே முறையில் பூவுக்கு நட்சத்திரம், வெறும் உடலுக்கு வட்டம் என்று பென்சிலால் குறித்து, அர்த்தமும் சொல்லி, டைப் அடிக்கும் சுசித்ராவிடம் கொடுத்தார். நட்சத்திரமெல்லாம் வலப்பக்கம் வரவேண்டும் என்றார். குறிகள் அச்சில் வரக்கூடாது என்று சொல்லத்தான் மறந்துவிட்டார்.

பச்சியப்பன் தக்காளி மண்டியில் ஏலம் விடுபவர். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகப் பெயர் அச்சில் வந்திருக்கிறது. அதைப் பார்க்க மாரண்டஹள்ளியிலிருந்து மனைவி, மருமகள், சம்பந்தி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து முன்வரிசையை அடைத்திருந்தார்கள். ‘உங்களை இடம் நிரப்பத்தான் சேர்த்தேன்’ என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

“வட்டம்னா... முதல் தரம்னு அர்த்தங்க” என்றார் கலைவாணன்.

“இந்தா, கேட்டியா? முதல் தரமாம்” என்று மனைவியிடம் சொல்லும்போதே பச்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலைவாணனுக்கு வெட்கமாக இருந்தது. நிதானமாக வெட்கப்படவும் விடாமல் அரூர் பானுமதி வந்து நின்றார். கவியரங்கம் தவறாமல் கைதட்டல் வாங்குகிறவர்.

“அப்ப நட்சத்திரம்னா என்னங்க சார்?”

“அதுவும் நல்ல தரம்தாம்மா. கொஞ்சம்... அடுத்தது.”

“அடுத்ததுங்களா? என் கவிதைதான் தொகுப்புக்கே உசுருன்னு நேத்து போன்ல சொன்னீங்க. ‘மழை வந்தது, கூடை நனைந்தது, நானும் நனைந்தேன்’னு எழுதினது முதல் தரம், நான் ரெண்டாந்தரமா?”

முன்வரிசையில் சம்பந்தி எழுந்துவிட்டார். “ஏம்மா, அதுல என்ன கொறை? மழை வந்தா நனையாம என்ன பண்ணுவாங்க?”

“சண்டை வேணாங்க. குறிக்கெல்லாம் அர்த்தமே இல்லை. அழகுக்குப் போட்டது” என்றார் கலைவாணன்.

“இப்பத்தானே முதல் தரம்னீங்க?” பச்சியப்பனின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் கலைவாணன் தலையைக் குனிந்துகொண்டார். மண்டபம் முழுக்க ஆளாளுக்குப் புத்தகத்தைப் புரட்டித் தங்கள் குறியைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. தனக்குத் தானே நட்சத்திரம் போடக் கூச்சப்பட்டு, தன் கவிதைக்கு மட்டும் அவர் குறியே போடாமல் விட்டிருந்தார்.

“சந்தேகம்னா என் கவிதையைப் பாருங்க. ஒரு குறியும் இருக்காது” என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“இருக்குதுங்களே சார். வட்டம்” என்றார் பச்சியப்பன். முகம் மறுபடி மலர்ந்தது. “அப்ப முதல் தரமேதான்.”

“ஓஹோ, தனக்குத் தானே முதல் தரம் போட்டுக்கிட்டாரா?” என்றார் பானுமதி. மண்டபமே சிரித்தது. இருபது வருடம் கட்டிக் காத்த மரியாதை அந்தச் சிரிப்பில் போயிற்று. கலைவாணனுக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லை.

மெல்ல நழுவி, வாசலில் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த சுசித்ராவிடம் வந்தார்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? நான் குறி போடாம விட்ட கவிதைக்கு எப்படி வட்டம் வந்துச்சு? கை தவறிடுச்சா?”

“இல்லீங்க சார்” என்றாள் அவள். “ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்.”