சமையலறையில் எத்தனை முருகா?

டெல்லியில் குடியிருக்கிற தமிழர்களுக்கு ஒரு புத்தி சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையாரைக் கூப்பிடுங்கள், பெருமாளைக் கூப்பிடுங்கள், உங்கள் குலதெய்வம் மாரியம்மனைக் கூப்பிடுங்கள். முருகனை மட்டும் மனசுக்குள்ளேயே கூப்பிடுங்கள். வாய்விட்டுக் கூப்பிட்டு நான் பட்ட பாடு போதும்.

நான் தாராபுரத்துக்காரி. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. கல்யாணமாகி ஆர்.கே.புரம் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் என் இந்தி காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவோடு சரி. (அவனும் பாதிக்குப் பாதி என் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான்.)

போன குளிர்காலத்தில் எங்கள் பார்க்கில் காக்காய்கள் செத்து விழுந்தன. பறவைக் காய்ச்சல் என்றார்கள். டிவியைத் திறந்தால் அதே பேச்சு. எந்தெந்த நாட்டிலோ கோழிகளைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள், அமெரிக்காவில் மாட்டுக்கே வந்துவிட்டது, இது மனுஷனுக்கு மனுஷன் பரவ ஆரம்பித்தால் கொரோனா ஒன்றுமே இல்லை, அதற்குள் உலகமே தயாராக இருக்க வேண்டும் என்று கோட்டு போட்டவர்கள் பேசினார்கள். கொரோனாவில் என் கொழுந்தனாரை இழந்தவள் நான். ஒரு கட்டில் கேட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். கடைசியில் ஓரிடத்தில் கிடைத்தது. கேட்டுக்குள் போகும்போது திரும்பி, "அண்ணி, ரசம் வெச்சு வெய்யுங்க, வந்துடறேன்" என்று கை காட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தது ஜிப் போட்ட ஒரு பையைத்தான். அதுவும் தூரத்திலிருந்து.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கஷாயத்தில் ஓட்டினோம். மூன்றாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மகள் வித்யாவை வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. வராந்தா பெஞ்சில் ஒரு ஓரமாக இவரை உட்கார வைத்தேன். பக்கத்தில் ஒரு பீகார்க்காரர், இவரைப் போலவே இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு மூச்சு "ஹே ராம், ஹே ராம்" என்றார். அவர் சம்சாரம் என் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்து, "சாப்பிடுங்க பஹன், நமக்குத் தெம்பு வேணும்" என்று கூடப்பிறந்தவள் மாதிரிச் சொன்னாள். அவள் ராமனை நம்பினாள், நான் முருகனை நம்பினேன். டாக்டரை நம்பலாமென்றால் அவர் கண்ணில் பட்டால்தானே?

இவருக்கு உதடு நீலம் பாய்ந்தது. நான் என்னை மறந்து கத்தினேன். "முருகா! முருகா! என் வீட்டு முருகா!"

அந்தப் பக்கம் போன ஒரு சின்ன வயசு டாக்டர் சடாரென்று நின்றார். முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு.

"மாதாஜி, முர்கா? கர் மே முர்கா ஹை?"

மாஸ்க்குக்குள்ளிருந்து அது என் காதில் எப்படி விழுந்திருக்கும்? வீட்டில் முருகன் இருக்காரா என்று கேட்கிறார்! வடக்கத்திப் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தியில் முர்கா என்றால் சேவல் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் என் புருஷனையும் முருகனையும் தவிர உலகத்தில் எதுவும் என் நினைவில் இல்லை.

"ஹை பேட்டா."

"கித்னே?" எத்தனை என்று கேட்டார்.

பித்தளை விக்கிரகம், பழனிப் படம், காலண்டர்... "பாஞ்ச், சே." அஞ்சாறு இருக்கும் என்றேன்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார். "கிச்சன் மே." (குவார்ட்டர்ஸில் தனியாகப் பூஜை அறைக்கு எங்கே போவது? மசாலா டப்பாவுக்கு மேல் தட்டுதான்.)

டாக்டர் ஓரடி பின்னால் போனார். இவரைக் காட்டி, "இவர் தொடுவாரா?" என்றார்.

"தினமும். காலையில் குளிப்பாட்டுவதே இவர்தான்."

"குளிப்பாட்டுவாரா!"

"ஹான் பேட்டா, தூத் ஸே. பிர் ஹம் சப் பீதே ஹை." பாலில் குளிப்பாட்டி, அப்புறம் எல்லாரும் அதைக் குடிப்போம்.

தடுப்புக்குப் பின்னால் அவர் கண் இரண்டும் முட்டை மாதிரி ஆகிவிட்டன. பக்தி முற்றுகிறது என்று நினைத்து நானே மேலும் சொன்னேன். "ஏக் கே ஸாத் மோர் பீ ஹை." ஒருத்தரோடு மயில்கூட இருக்கு!

அவ்வளவுதான். எங்கிருந்தோ வெள்ளை உடுப்புக்காரர்கள் ஓடி வந்தார்கள். இவரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள், என்னிடம் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டார்கள். "கூட வரக்கூடாது" என்று கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள். இவர் திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அதே மாதிரிக் கை. எனக்கு ரசம் ஞாபகம் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வித்யா போன் பண்ணினாள்.

"மா, நீ டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

"என்னடி ஆச்சு?"

"வெள்ளை டிரஸ் போட்டு வலையும் சாக்குமா நாலஞ்சு பேர் வந்திருக்காங்க. முர்கே எங்கேன்னு கேக்கறாங்க. நாங்க வெஜிடேரியன்னு சொன்னா, உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்க, கிச்சன்ல அஞ்சாறு, கூட மயிலும்னு சொல்றாங்க. மயில் வெச்சிருந்தா ஜெயில்னு கீழ் வீட்டு ஆன்ட்டி கத்தறாங்க!"

நான் சொன்னதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அடுப்படித் தரையில் உருண்டு சிரித்திருக்கிறாள். அது பாதியிலேயே அழுகையாக மாறியது எனக்குக் கேட்டது. டெல்லியில் பிறந்த பிள்ளை. தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பக்க முர்காவும் இந்தப் பக்க முருகாவும் அவளுக்குத்தான் தெரிந்தது.

அவள் சாமி அலமாரியைக் காட்டினாளாம். வலை வைத்திருந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலையைக் கீழே வைத்துக் கும்பிட்டாராம். கும்பிட்டுவிட்டு, "ஆர்டர் ஹை பேட்டி" என்று மருந்தையும் அடித்துவிட்டுத்தான் போனாராம்.

வித்யா ஓடி வந்து டாக்டரிடம் விளக்கினாள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று மாஸ்க்கில் தெரியவில்லை. சோதனை முடிவும் வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, சாதாரண நிமோனியா. அதற்குள் இவருக்கு ஆக்சிஜன் ஏறி, நிறம் திரும்பியிருந்தது.

"மாதாஜி, பெஞ்சிலேயே இருந்திருந்தால் இவர் விடியறதைப் பார்த்திருக்க மாட்டார்" என்றார் டாக்டர்.

கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள். மெத்தைமேல் பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

"ஏன் தம்பி இதெல்லாம் காலியா இருக்கு?"

"அந்த நோய் வந்தால் வேணும் மாதாஜி. உலகம் பூரா இப்படித் தயாராகிறாங்க."

"வெளியில இருக்கறவங்க?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க" என்றார். பாவம், அவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

எனக்கும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. கொழுந்தனாருக்காக அன்றைக்கு எவனாவது இப்படி ஒரு கட்டிலைக் காலியாக வைத்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேனே.

வராந்தாவுக்கு வந்தேன். பெஞ்சில் பீகார்க்காரர் இல்லை. கீழே ஒரு ஸ்ட்ரெச்சர், தலையோடு மூடிய போர்வை. அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களவர்?" என்றாள்.

"மூச்சு வந்துடுச்சு பஹன்."

"அச்சா ஹுவா" என்றாள். நல்லதாச்சு. மனசாரச் சொன்னாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

எங்கள் பித்தளை முருகன் தோளில் அந்த மருந்து பட்டு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வீட்டில் நான் "முருகா" என்று உட்கார்ந்தால் வித்யா உள்ளேயிருந்து, "எத்தனை கிலோம்மா?" என்பாள். கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால், "மெதுவா கூப்பிடு, வலையோட வந்துடப் போறாங்க" என்று இவர் என் காதில் சொல்வார். நானும் சிரிப்பேன்.

சிரித்துவிட்டு, பேர் தெரியாத அந்த மனுஷனுக்கும் ஒரு கற்பூரம் ஏற்றுவேன். நான் கூப்பிட்டது யாருக்கும் சரியாகப் புரியவில்லை, கதவு திறந்தது. அவர் "ஹே ராம்" என்றுதான் கூப்பிட்டார். அது அந்த வராந்தாவில் எல்லாருக்கும் புரிந்தது. அதனால்தான் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.